எல்லாம் நரம்பா?

தமிழர் வாயில் ஓய்வின்றி உழைக்கும் சொற்களுள் ‘நரம்பு’ என்பது ஒன்று. மருத்துவர் முழங்கை மடிப்பில் ஊசி குத்தினால் அது நரம்பு ஊசி. நாள்முழுதும் நின்று வேலை செய்பவரின் கெண்டைக்காலில் நீலமாய்ப் புடைத்து நெளிந்தால் நரம்பு சுருட்டிக்கொண்டது. படியில் கால் பிறழ்ந்து கணுக்கால் வீங்கினால் நரம்பு பிசகிவிட்டது. விரல்களை விறைத்து விரிக்கும்போது புறங்கையில் எழுந்து தெரிவதும் நரம்பு. வாய் கோணி ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிட்டால் நரம்பு இழுத்துக்கொண்டது. இளைஞரை அச்சுறுத்திப் பணம் பறிக்கும் போலி மருத்துவன் சுவரில் எழுதி வைத்திருப்பதும் நரம்புத் தளர்ச்சியே. ஆறிடத்தும் சொல் ஒன்று; பொருளோ ஒன்றன்று. முதலிரண்டும் குருதி செல்லும் குழாய். மூன்றாவது, எலும்போடு எலும்பைப் பிணிக்கும் நார். நான்காவது, தசையை எலும்போடு கட்டும் நாண். ஐந்தாவது, மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் நேர்ந்த கேடு. ஆறாவது பெரும்பாலும் நோயே அன்று. உண்மையில் நரம்பு எனத்தக்க உறுப்பு இவ்வாறனுள் ஒன்றில்கூட முதற்பொருளாக இல்லை.

இக்குழப்பம் தமிழின் வறுமையால் வந்ததென்று ஆங்கிலம் படித்தார் சிலர் நகைப்பர். அந்நகைப்புக்கு இடமில்லை. பண்டைத் தமிழில் நரம்பு என்பது யாழிற் கட்டிய நாணையும், உடலில் நாண்போல் எழுந்து தோன்றும் எதனையும் குறித்தது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயின் வற்றிய தோளில் எழுந்து தெரியும் நரம்பு, இன்றைய மருத்துவன் கண்ணுக்குக் குருதிக்குழாயே. கண்ணாற் கண்டு இட்ட பெயர் அது. அறுத்துக் கண்டு இட்ட பெயரன்று. கிரேக்கர்க்கும் அதுவே நிலை. அவர்தம் ‘நியூரோன்’ என்னும் சொல்லுக்கும், உரோமர்தம் ‘நெர்வசு’ என்னும் சொல்லுக்கும் முதற்பொருள் நாண், தசைநாண் என்பனவே. வில்லின் நாணுக்கும் அதே பெயர். அச்சொற்களிலிருந்தே ஆங்கிலத்து ‘நெர்வ்’ பிறந்தது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று ஒரு புழுவின் பெயரில் உளது. குளத்து நீரைக் குடித்தவர் காலில் கொப்புளம் கண்டு, வெண்ணூல்போல் சிறிது சிறிதாய் வெளிவந்த புழுவைத் தமிழர் நரம்புச்சிலந்தி என்றனர். அரபு மருத்துவர் அதே புழுவை மதீனத்துக் குருதிநாளம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இலத்தீன் நூலார் அப்பெயரை அவ்வாறே மொழிபெயர்த்து நெடுங்காலம் வழங்கினர். (இந்தியா அந்நோய் நீங்கிய நாடென 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. நோய் போயிற்று, பெயர் அகரமுதலிகளில் நிற்கின்றது.) ஆகவே குழப்பம் மாந்தர்க்கெல்லாம் பொது. மேலையர் அறுத்துப் பார்த்து, பார்த்ததற்கேற்பச் சொல்லையும் பிரித்துக்கொண்டனர். தமிழர் பள்ளிப் பாடத்தில் மட்டும் பிரித்துவிட்டு, வீட்டிலும் தெருவிலும் பழையபடியே வழங்குகின்றனர். வேறுபாடு இவ்வளவே.

படிப்பவர் தம் கையை முன்னே நீட்டி ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பெருவிரலுக்கு நேராக, மணிக்கட்டின் உட்புறத்தே விரல் வைத்தால் துள்ளுவது நாடி; நெஞ்சாங்குலையிலிருந்து குருதி கைக்கு வரும் வழி. புறங்கையில் பசுநீலமாய்க் கிளைத்தோடுவது அக்குருதி திரும்பிப் போகும் வழி. அதன்மேல் விரல் வைத்தால் துடிப்புத் தோன்றாது. கையை இறுக முடக்கி மணிக்கட்டைச் சற்றே வளைத்தால் நடுவில் கயிறுபோல் விறைத்தெழுவது தசைநாண். அதனுள் ஒன்றும் ஓடவில்லை, அது வெறுங் கயிறே. முழங்கையை மடக்கி, அதன் உட்புறத்து எலும்பு முனைக்குப் பின்னுள்ள பள்ளத்தைத் தட்டினால் சுண்டுவிரல் வரை சுரீரென ஓடுகின்றதே, அதுதான் நரம்பு. ஐந்தாவதொன்று நலமுள்ள கையில் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாது. விரற்புண் சீழ்பிடித்த போழ்தில் புண்ணிடத்திருந்து அக்குள் நோக்கிச் செங்கோடாக ஏறித் தன் இருப்பைக் காட்டும். அது நிணநீர்க்குழாய். ஒரு கைக்குள் இத்தனை இருக்க, அத்தனைக்கும் ஒரே பெயரை இட்டு அழைப்பவர் மருத்துவரிடம் தம் நோயை எவ்வாறு எடுத்துரைப்பர்?

இவற்றைப் பிரித்தறிய மேலையர்க்கு ஈராயிரம் ஆண்டு ஆயிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி அலெக்சாந்திரியாவில் எரோபிலசு என்பார் மாந்தர் உடலை அறுத்து நரம்பையும் நாணையும் குருதிக்குழாயையும் வேறு வேறாகக் கண்டார். ஆயினும் நாடிக்குள் ஓடுவது காற்றே என்னும் கொள்கை நெடுநாள் நின்றது. பிணத்தை அறுக்கும்போது நாடிகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடப்பதே அப்பிழைக்குக் கரணியம். உயிருள்ள விலங்கின் நாடியை இரண்டிடத்தில் கட்டி, இடையில் கீறி, உள்ளே இருப்பது குருதியே என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காட்டியவர் கேலன். ஆனால் அக்குருதி சுற்றி வருகின்றது என்பதை அவரும் அறிந்திலர். ஈரலில் பிறந்து உறுப்புகளில் செரித்துப் போவதாகவே எண்ணினார். ஆயிரத்து நானூறு ஆண்டு மருத்துவ உலகம் அவர் சொல்லை மறுக்கவில்லை.

மறுத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஆர்வி. 1628இல் வந்த அவர் நூலில் உள்ள ஓர் ஆய்வை எவரும் தம் கையிலேயே செய்து காணலாம். முழங்கைக்கு மேலே துணியை ஓரளவு இறுக்கிக் கட்டினால் கீழே நாளங்கள் புடைக்கும். இடையிடையே சிறு முடிச்சுகள் தோன்றும். ஒரு முடிச்சுக்குக் கீழே ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் குருதியை அம்முடிச்சைத் தாண்டி மேல்நோக்கித் தள்ளிவிட்டால் இடைப்பகுதி வெறுமையாகும். மேலே சென்ற குருதி மீண்டும் இறங்காது. முடிச்சில் இருப்பது ஒருவழிக் கதவு. அத்தடுக்கிதழ்களைத் தாளில் வரைந்து 1603இல் வெளியிட்டவர் ஆர்வியின் ஆசிரியரான பபிரிசியசு. கதவைக் கண்ட ஆசிரியர் அது திறக்கும் திசையின் பொருளை உணரவில்லை, மாணவர் உணர்ந்தார். அதன்மேல் கணக்கும் போட்டார். இன்றைய அளவில் அக்கணக்கு எளிது: நெஞ்சாங்குலை ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லி இலிட்டர் குருதியை வெளித்தள்ளுகின்றது, நிமையத்துக்கு 72 துடிப்பென்றால் 5 இலிட்டர். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள குருதி முழுதும் ஏறத்தாழ அவ்வளவே. நிமையந்தோறும் 5 இலிட்டரைப் புதிதாக ஆக்கும் ஆற்றல் எந்த ஈரலுக்கும் இல்லை. ஆகவே ஓடியதே மீண்டும் ஓடுகின்றது.

நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியாய்ச் செல்கின்றது என்பதை மட்டும் ஆர்வி காணவில்லை. 1657இல் அவர் மறைந்து நான்காண்டு கழித்து, இத்தாலியின் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த இடைவழியைக் கண்டார். அதன் அகலம் மயிரிழையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. குருதியின் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நெருக்கிக்கொண்டே அதனுள் செல்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை மயிர்க்குழாய் என்கின்றன. பெயர் நன்று, ஆயினும் மயிருக்கு அது மிகையான பெருமையே. உயிர்வளியும் உணவும் திசுவுக்குட் செல்வதும் கழிவு குருதிக்குள் வருவதும் இந்நுண்குழாயின் சுவர் வழியாகவே. நாடியும் நாளமும் இவ்விடத்துக்குக் கொண்டுவரும் சாலையும் கொண்டுபோகும் சாலையுமே அன்றி வேறல்ல.

இங்கே ஒரு பிழையைச் சுட்டவேண்டும். ‘நல்ல குருதி செல்வது நாடி, கெட்ட குருதி செல்வது நாளம்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்விக்கின்றனர். நெஞ்சாங்குலையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் நாடியில் ஓடுவது உயிர்வளி குறைந்த குருதி. நுரையீரலிலிருந்து திரும்பும் நாளத்தில் ஓடுவது உயிர்வளி நிறைந்த குருதி. நெஞ்சாங்குலையை விட்டு நீங்குவது நாடி, அதனிடம் மீள்வது நாளம் என்பதே சரியான இலக்கணம். நாளத்துக் குருதி கெட்டதும் அன்று, நீலமும் அன்று, கருஞ்சிவப்பே. நீலமாகத் தோன்றுவது தோலின் ஊடாக ஒளி செய்யும் வேலை. ‘கெட்ட குருதி’யை வெளியேற்றுவதாகக் கூறி உடலைக் கீறுவோர்க்கு வாய்ப்பளித்தது இம்மனப்பாடந்தான்.

நிணநீரின் வரலாறு இன்னும் சுவையுடையது. 1622இல் இத்தாலியில் கசுபாரோ அசெல்லி என்னும் மருத்துவர், உண்டு சிறிதுநேரம் ஆன நாயொன்றின் வயிற்றைத் திறந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பின்னிக் கிடந்தன. அவர் முதலில் அவற்றை நரம்பு என்றே எண்ணினார்! ஓர் இழையைக் கீறியதும் பால்போன்ற நீர் பீறிட்டது. நரம்புக்குள் பால் ஓடுமா? குடல் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்து செல்லும் குழாய்கள் அவை என்பது தெளிவாயிற்று. அடுத்த நாற்பதாண்டுக்குள் உடல்முழுதும் அத்தகைய குழாய்கள் இருப்பதைத் தென்மார்க்கின் பார்த்தோலினும் சுவீடனின் உருடுபெக்கும் கண்டனர். அசெல்லிக்கு நேர்ந்த மயக்கம் இன்றைய தமிழர்க்கு நேர்வதில் வியப்பில்லை. அவர் ஒரு கீறலில் தெளிந்தார் என்பதே வேறுபாடு.

நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீர் முழுதும் குருதிக்குத் திரும்பிவிடுவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 இலிட்டர் வெளியே தங்கும். அதனை வாரிக்கொண்டு மீண்டும் குருதியில் சேர்ப்பது நிணநீர்க்குழாய். குருதிக்குழாய் வட்டமாகச் சுற்றுவது; நிணநீர்க்குழாயோ ஒருமுனை மூடிய நுண்விரலாய்த் திசுவில் தொடங்கி, ஒருவழியே சென்று முடிவது. அதற்கென்று நெஞ்சாங்குலை இல்லை. குழாய்ச்சுவரின் மெல்லிய சுருக்கமும், பக்கத்துத் தசைகளின் அசைவும், மூச்சின் இழுப்புமே அதனை நடத்துகின்றன. பின்னடையாமல் தடுக்கிதழ்கள் காக்கின்றன. இரு கால்கள், வயிறு, இடக்கை, தலையின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீரெல்லாம் முதுகெலும்பின் முன்னே ஏறும் 40 செ.மீ. அளவிலான ஒரு குழாயிற் கூடி, கழுத்தின் இடப்பக்க அடியில் பெருநாளத்தோடு கலக்கின்றது. வலக்கை, வலமார்பு, தலையின் வலப்பாதி ஆகியவற்றுக்கு வலப்பக்கத்தே தனியொரு குறுவழி. மூளையைப் போர்த்திய உறைக்குள்ளும் இக்குழாய்கள் உண்டென்பது 2015இல்தான் எலிகளிடத்தும், பின்னர் மாந்தரிடத்தும் உறுதிப்பட்டது. அதுவரை மூளைக்கு நிணநீர் வழி இல்லையென்றே நூல்கள் கூறிவந்தன.

வழியெங்கும் அவரைக்கொட்டை வடிவில் நூற்றுக்கணக்கான கணுக்கள் உள்ளன. நிணநீர் அவற்றினூடே வடிகட்டப்படும். நோய்நுண்மிகளை வெள்ளணுக்கள் எதிர்கொள்ளும் காவற்சாவடி அதுவே. இக்கணுவுக்கு நூல்களில் நிணநீர்க்கணு, நிணநீர் முடிச்சு, நிணநீர்ச் சுரப்பி எனப் பெயர் பல. (சுரப்பி என்றது பிழை, அது எதனையும் சுரப்பதன்று.) ஆனால் எழுத்தறியாத உழவனுக்கு இதன் பெயர் முன்பே தெரியும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் கட்டி தோன்றும்; அவன் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பான். காலிற் புண்ணென்றால் தொடையிடுக்கில் நெறி கட்டும், கையிற் புண்ணென்றால் அக்குளில் கட்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். கலைச்சொல் தொகுத்தோர் கிரேக்கத்தையும் வடமொழியையும் துருவினர். வயல்வரப்பில் கிடந்த இச்சொல்லைக் குனிந்து எடுத்தாரில்லை.

நிணநீர் வழி அடைபட்டால் என்னாகும் என்பதைத் தமிழகம் நன்கறியும். யானைக்கால் நோய் அதுவே. கொசு கொண்டுவரும் நூற்புழு நிணநீர்க்குழாயில் குடியேறி அதனைக் கெடுக்க, கால் வடிகாலிழந்து வீங்கித் தோல் தடிக்கின்றது. அப்புழுவின் குஞ்சு கொசுவின் உடலில் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் சீனத்தின் அமாய் நகரில் 1877இல் கண்டார். இந்நோயாளரிடம் ‘நரம்பில் நீர் இறங்கிவிட்டது’ என்று சொல்லி எண்ணெய் விற்பவர் உண்டு. கெட்டது நரம்பன்று; எண்ணெய் அக்குழாயைத் திறக்கப் போவதுமில்லை. அவர்க்கு வேண்டியவை புழுவைக் கொல்லும் மருந்தும், காலை நாள்தோறும் கழுவித் துடைத்து விரலிடுக்கில் புண் வராமற் காத்தலும், காலை உயர்த்தி வைத்தலுமே.

இனி நரம்பு. அது குழாயன்று, அதனுள் எதுவும் ஓடுவதில்லை. உள்ளே நீரோ காற்றோ பாய்வதாகக் கேலன் முதல் தெக்கார்த்து வரை பலரும் கருதினர்; அதுவும் பிழையாயிற்று. நரம்பென்பது நுண்ணிழைகளின் கற்றை. மின்மாற்றமே அவ்விழைகளில் செய்தியாய்ச் செல்கின்றது. மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. தண்டுவடத்திற் பிறந்து கால்விரலில் முடியும் ஒரே இழை ஒரு மீட்டர் நீளமும் இருக்கும். தடித்த உறையுள்ள இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரையும். உறையற்ற மெல்லிழையில் நொடிக்கு 2 மீட்டர்கூடச் செல்லாது. கால்விரல் கல்லில் இடித்தால் முதலில் சுரீரென்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து மந்தமாய் மற்றொரு வலியும் தோன்றுவது இதனால்தான். அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்வதாயின் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். தொழுநோயில் முழங்கைப் பள்ளத்து நரம்பு தடித்து விரலுக்குத் தட்டுப்படும். சுண்டுவிரல் மரத்து மடங்கும். நரம்புநோய் எனத்தக்கது அத்தகையது.

பெயர் மாறியதால் உயிரே போகும் இடங்கள் இரண்டை இங்குச் சொல்லாமல் விடலாகாது. முதலாவது பக்கவாதம் எனப்படும் ஒருபக்க முடக்கம். கை விழுந்தது கையின் நரம்பால் அன்று. மூளையின் நாடி அடைபட்டதாலோ வெடித்ததாலோ விழுந்தது. அடைப்பாயின், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். அடைப்பா வெடிப்பா என்பதைத் தலையைப் படமெடுத்துப் பார்த்தாலன்றி அறியவும் இயலாது. வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அந்நொடியே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டிய குடும்பம், ‘நரம்பு இழுத்துக்கொண்டது, உருவிவிட்டால் சரியாகும்’ என்று எண்ணெய்க்கட்டுக்காரரைத் தேடிப் போகின்றது. நாலரை மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடுகின்றது. இரண்டாவது, நெடுநாள் படுக்கையில் இருந்தவர்க்கோ அறுவை செய்துகொண்டவர்க்கோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். உள்நாளத்தில் குருதி உறைந்திருக்கக்கூடும். ‘நரம்பு பிசகு’ என்று அதனைப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து, பெருநாளம் வழியே நெஞ்சாங்குலைக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் சென்று அடைத்துக்கொள்ளும். பிசைந்தவர் அன்பினால்தான் பிசைந்தார். அவர்க்கு நாளம் என்று ஒன்று இருப்பதை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே என்பர். சொல்லிக் கொடுத்தது ‘தமனி’, ‘சிரை’, ‘தந்துகி’ என்று. மூன்றும் வடசொல், அதனினும் பெருங்குறை, மூன்றும் எவர் வாயிலும் வாழாத சொல். தேர்வு முடிந்த மறுநாள் மாணவன் அவற்றை மறந்துவிட்டு, தாயின் வாய்ச்சொல்லாகிய நரம்புக்கே திரும்புகின்றான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நாடி, நாளம் என்பவற்றை எடுத்துக்கொண்டன. ‘நாடி பிடித்துப் பார்’ என்பதை அறியாத தமிழன் இல்லை. தொட்டுணரும் நாடியே நூலில் படிக்கும் நாடியும் ஆகின்றது. இவற்றின் வேர் குறித்து வழக்கு உண்டு. அதனைச் சொல்லாய்வறிஞர் தீர்த்துக்கொள்வர். தமிழகத்திலோ நாளம் என்பது குருதிக்குழாய் அனைத்துக்கும் பொதுப்பெயர். ஆகவே யாழ்ப்பாணத்து மாணவன் நாளம் என்று எழுதினால் மதுரை மாணவன் வேறொன்றாய்ப் புரிந்துகொள்கின்றான். ஒரே மொழியில், உயிர் காக்கும் கல்வியில், இருகரைக்கு இரு சொல் வழங்குவது தமிழறிஞர்க்கு நாணம் தரத்தக்கது.

இத்தனைக்கும் இப்பணி நேற்றுத் தொடங்கியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழ் மாணவரைத் தமிழ் வழியே மருத்துவர் ஆக்கினார். கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவி ‘மனுட அங்காதிபாதம்’ என 1872இல் வெளியிட்டார். பெயரே முழு வடமொழி என்று குறைகூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர், தமிழில் இயலாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. 150 ஆண்டு கழித்தும் அதனைச் சொல்வோர் தமிழ்த்தாயர் வயிற்றிற் பிறந்தவரே.

செய்யத்தக்கது அரியதன்று. நெஞ்சாங்குலையிலிருந்து வருவது நாடி, அதற்குத் திரும்புவது நாளம், இடைப்பட்டது நுண்குழாய், இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் குருதிக்குழாய். திசுநீரை வாரிச் செல்வது நிணநீர்க்குழாய். அதன் கணு நெறி. தசையைக் கட்டுவது நாண். எலும்பைப் பிணிப்பது நார். செய்தி சுமப்பது மட்டுமே நரம்பு. ஊசி போடும் செவிலியர் ‘நாளத்தில் ஊசி’ என்று சொல்லத் தொடங்கினால் ஓராண்டில் ஊர் முழுதும் சொல்லும். ‘குளுக்கோசு’ என்பதையே சொல்லப் பழகியவர்க்கு ‘நாளம்’ கடினமாகாது.

நெறி என்பது ஒழுக்க நெறிக்கும் பெயராயிற்றே, ஒரு சொல் பல பொருள் தந்து மீண்டும் குழப்பாதா என்று வினவுவார் உளர். ‘தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது’ என்று கேட்டு, அவர் ஒழுக்கத்தில் உயர்ந்துவிட்டார் என்று மகிழ்ந்த தமிழர் எவரும் இதுவரை இலர்.